பாதி மாத்திரை

அம்மாவுக்கு சுகர் 42ன்னு அந்த நர்ஸ் சொன்னப்போ, அது பயப்பட வேண்டிய நம்பரா இல்லையான்னு கூட எனக்குத் தெரியல. 12 வருஷமா எங்க வீட்ல சுகர்னா அது ஏறும், ஏறினா டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், இறங்கினா சந்தோஷம், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிஞ்ச சுகர். இறங்கி ஆளையே சாய்ச்சுப்புடும்னு யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல.

2023 ஆடி மாசம் நடந்தது இது. சென்னையில இருந்து 10 நாள் லீவு போட்டு சாத்தூர் பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். அப்பா போனதுல இருந்து அம்மா தனியாத்தான் இருக்காங்க, அப்போ வயசு 66. நான் போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் ஹெச்பிஏ1சி பாத்திருந்தாங்க, 8.9. அது கடைசி மூணு மாசத்தோட சராசரியைச் சொல்ற டெஸ்ட், 7க்குள்ள வரணும்னு டாக்டர் வருஷக்கணக்கா சொல்லிட்டே இருந்தார், இது என்னடான்னா 8, 8.4, 8.9ன்னு படி ஏறிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் மாத்திரையும் கூடவே ஒரு படி ஏறும். இந்தத் தடவை நானே பக்கத்துல இருந்து சரி பண்ணிடுறதுன்னு ஒரு முடிவோட போனேன். மெடிக்கல்ல ஏழு நாளைக்கும் தனித்தனி அறை வச்ச பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு வாங்கி, காலை ராத்திரின்னு பிரிச்சுப் போட்டு, தண்ணி டம்ளரோட முன்னாடி நின்னு முழுங்க வச்சுட்டுத்தான் நகருவேன்.

நாலாவது நாள் ஆடி வெள்ளி. அம்மா விரதம், சாயங்காலம் கோயிலுக்குப் போயிட்டு வந்துதான் சாப்பாடு. காலையில டப்பாவை நீட்டினப்போ "இன்னைக்கு ஒரு நாள் வேண்டாம் பாப்பா"ன்னாங்க. நான் விடல. "டாக்டர் எழுதினா எழுதினதுதாம்மா, நீயா முடிவு பண்ணாத"ன்னு கொஞ்சம் சத்தமாவே சொன்னேன். ஒண்ணும் பேசாம வாங்கிப் போட்டுக்கிட்டாங்க.

பதினொன்றரை மணி இருக்கும், அடுப்படியில உக்காந்துட்டாங்க. போய்ப் பாத்தா சேலை முதுகோட ஒட்டுற அளவுக்கு வேர்வை, கையெல்லாம் நடுங்குது, என்னம்மான்னு கேட்டா என்னைப் பெரியம்மா பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க, தூக்கப் போனா கையைத் தட்டி விடுறாங்க, வாய் குழறுது. பக்கவாதம்னே முடிவு பண்ணிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோவை எடுத்துட்டு வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர 25 நிமிஷம். விரல்ல குத்திப் பாத்தா 42. உடனே நரம்புல குளுக்கோஸ் ஏத்தினாங்க, கொஞ்ச நேரத்துல கண்ணு தெளிஞ்சு "நீ சாப்டியா"ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகை அப்பத்தான் வந்துச்சு.

இதை எழுதுறப்போ ஒரு விஷயத்தை இங்கயே சொல்லிடணும், ஏன்னா இது தெரிஞ்சிருந்தா அந்த 25 நிமிஷம் எனக்குத் தேவைப்பட்டிருக்காது. சுகர் 70க்குக் கீழ போனா அது தாழ்வு. வேர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்க் கோபம், குழறல், இதெல்லாம் அதோட அடையாளம். ஆள் முழிச்சிருந்து முழுங்க முடியுதுன்னா உடனே 15 கிராம் சர்க்கரை உள்ள போகணும், அதாவது சின்ன ஸ்பூன்ல 3, 4 ஸ்பூன் தண்ணியில கரைச்சு. 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும், ஏறலன்னா திரும்பக் குடுக்கணும், சரியானதும் ஏதாவது சாப்பிட வைக்கணும். மயங்கிட்டாங்கன்னா வாயில எதையும் ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போயிடும், நேரா ஆஸ்பத்திரிதான். அன்னைக்கு சர்க்கரை டப்பா எனக்கு ரெண்டு அடி தூரத்துல அலமாரியில இருந்துச்சு.

அம்மா போட்டுக்கிட்ட கிளிமிபிரைடுங்கற மாத்திரை உடம்புல ரொம்ப நேரம் வேலை செய்யும், ஏத்தின குளுக்கோஸ் கரைஞ்சதும் மறுபடி சுகர் இறங்கலாம்னு சொல்லி ராத்திரி அங்கயே வச்சிருந்தாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விரல்ல குத்திட்டே இருந்தாங்க. ஒரு மணி வாக்குல அம்மா மெதுவா சொன்னாங்க, "நான் எப்பவும் பாதிதான் போடுவேன் பாப்பா."

எனக்குப் புரியல. திரும்பக் கேட்டேன். ரெண்டு வருஷமா அந்தக் கிளிமிபிரைடை ரெண்டா உடைச்சு பாதிதான் போட்டிருக்காங்க, முழுசாப் போட்டா பதினோரு மணிக்கு ஒரு படபடப்பு வருது, கை நடுங்குதுன்னு. வெள்ளிக்கிழமை விரதத்துக்கு அதுவும் கிடையாது. இன்னொரு சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் வயித்தைக் கலக்குதாம், கல்யாணம் காதுகுத்துன்னு பஸ் ஏறணும்னா ரெண்டு நாளைக்கு முன்னாடியே அதை நிறுத்திடுவாங்களாம். வழியில எங்க போய் ஒதுங்கறது, அதை ஒரு ஆம்பள டாக்டர்ட்ட எப்படிச் சொல்றதுன்னு சொல்லவே இல்ல. டாக்டர் என்ன பண்ணுவார் பாவம், சீட்டுல எழுதினது முழுசா உள்ள போகுதுன்னு நம்பி, அப்படியும் சுகர் குறையலையேன்னு மேல மேல கூட்டியிருக்கார். கூட்டக் கூட்ட அம்மா உடைச்சுக்கிட்டே வந்திருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே நோயாளியைப் பத்தித்தான் யோசிச்சிருக்காங்க, ஆனா டாக்டர் கணக்குல இருந்தது சீட்டுல இருந்த அம்மா. நான் வந்து அந்தச் சீட்டை அப்படியே நாலு நாள் நிஜமாக்கினேன். நாலாவது நாள் 42.

முதல்ல எனக்கு அம்மா மேல பயங்கர கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னன்னு. அப்புறம் விடியவிடிய உக்காந்து யோசிச்சப்போதான் உறைச்சுது, அவங்க உடைச்ச அந்தப் பாதி மாத்திரை ஏமாத்து வேலை இல்ல, அது அவங்க உடம்பு சொன்ன சேதி. பதினோரு மணிக்குப் படபடன்னு வருதுங்கறது சுகர் தாழுதுங்கறதோட நேரடி அடையாளம். ரெண்டு வருஷமா அந்த உடம்பு சரியாத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு, அது போய்ச் சேர வேண்டிய காதுக்குப் போகல. ஆடி வெள்ளிக்குக் காலையில "வேண்டாம் பாப்பா"ன்னு என் காதுக்கு வந்துச்சு, நானும் கேக்கல.

இன்னொண்ணும் சொல்லணும். அம்மா 28 வருஷம் பால்வாடி டீச்சர். மாசாமாசம் பிள்ளைங்களை எடை போட்டு ரெஜிஸ்டர்ல ஏத்தி, எடை குறைஞ்ச பிள்ளையோட அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுறதுதான் வேலையே. "எப்பவுமே அவளைத் திட்டக்கூடாது பாப்பா, திட்டினா அடுத்த மாசம் பிள்ளையைத் தூக்கிட்டு வரமாட்டா, வந்தாலும் முட்டை குடுத்தேன் கீரை குடுத்தேன்னு பொய் சொல்லுவா, அப்புறம் அந்தப் பிள்ளைக்கு நம்ம என்னத்தச் செய்ய"ன்னு நான் சின்னப் பிள்ளையா இருக்கப்பவே சொல்லிக் கேட்டிருக்கேன். அவ்வளவு தெரிஞ்ச மனுஷி, தான் நாற்காலியோட அந்தப் பக்கம் உக்காந்ததும் முட்டை குடுத்தேன்னு சொல்ற அம்மாவா மாறிட்டாங்க.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த மறுநாள் அந்த டாக்டர்ட்டயே போனோம். வேற டாக்டரைப் பாக்கலாம்னு நான் சொன்னேன், அம்மா ஒத்துக்கல. "12 வருஷமா என்னைப் பாக்குற மனுஷன், அவர்ட்டதான் சொல்லணும்"னாங்க. சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்குற கிளினிக், எங்க டோக்கன் 57. உள்ள போனதும் ஆஸ்பத்திரி சம்மரியைக் குடுத்துட்டு அம்மா ஒரே மூச்சுல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, பாதி மாத்திரை, பஸ், வயிறு, விரதம், எல்லாம். அவர் எழுதிட்டிருந்த பேனாவைக் கீழ வச்சுட்டார். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "ஏன் டீச்சர் என்கிட்ட சொல்லல"ன்னு கேட்டார். அம்மா தயங்கித் தயங்கி, ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி இவங்க வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தப்போ உள்ள ஒரு பெரியவரை "காலை எடுத்தாத்தான் நீ திருந்துவ"ன்னு அவர் சத்தம் போட்டது வெளிய வரைக்கும் கேட்டுச்சுன்னு சொன்னாங்க. அவருக்கு அது ஞாபகமே இல்ல. அந்தப் பெரியவர் யாருன்னும் தெரியல. ஆனா முகம் மாறிடுச்சு. "நான் ஒரு நாளைக்கு 90 பேரைப் பாக்குறேன் டீச்சர், அதுல பாதிப் பேர் மாத்திரையை ஒழுங்காப் போடறதில்லன்னு எனக்குத் தெரியும், எந்தப் பாதின்னுதான் தெரியாது"ன்னார்.

அந்தக் கணக்கு அவர் சும்மா சொன்னது இல்லன்னு பின்னாடி படிச்சேன். நீண்ட நாள் நோய்க்கு மருந்தை ஒழுங்கா எடுத்துக்கறவங்க, வளர்ந்த நாடுகள்லயே சராசரியா 50 சதவீதம்தான்னு உலக சுகாதார நிறுவனம் 2003ல வெளியிட்ட அறிக்கையில இருக்கு. அப்ப இது எங்கம்மாவோட தனிப்பட்ட குறை இல்ல. நேரமும் ஒரு காரணம். 67 நாடுகளை ஒப்பிட்டு 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஸ்வீடன்ல ஒரு டாக்டர் ஒரு நோயாளியோட சராசரியா 22.5 நிமிஷம் செலவழிக்கிறார், பங்களாதேஷ்ல 48 நொடி, நம்ம நாட்ல சுமார் 2 நிமிஷம். 2 நிமிஷத்துல பிபி பாத்து, சீட்டைத் திருப்பி, மருந்து எழுதி முடிக்கறதே பெரும்பாடு, அதுல ஒரு 66 வயசு அம்மா வயித்துக் கலக்கலைப் பத்திப் பேச்சைத் தொடங்கி முடிக்கவா முடியும். இந்தியாவுல சுகர் இருக்கறவங்க 10 கோடிக்கு மேலன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023ல சொல்லுச்சு, அத்தனை பேருக்கும் டாக்டர் நேரம்னு ஒண்ணு எங்க இருந்து வரும்னு அவங்க பக்கத்துல நின்னும் யோசிக்கணும்.

ஆனா அவர் ஒண்ணு செஞ்சார். "வியாழக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு வாங்க, கூட்டம் இருக்காது. வீட்ல இருக்கற மாத்திரை, பொடி, தைலம், பாதி பாட்டில், ஒண்ணு விடாம எல்லாத்தையும் பையில போட்டுக் கொண்டு வாங்க, நல்லது கெட்டதுன்னு நீங்க பிரிக்காதீங்க, எல்லாம் வேணும்"னார்.

அந்த வியாழக்கிழமை நாங்க மேஜை மேல கொட்டினதைப் பாத்து நானே அசந்துட்டேன். ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய, தொடாத மெட்ஃபார்மின் அட்டை மட்டும் 11. உடைச்ச பாதிங்க தனியா ஒரு காகிதப் பொட்டலத்துல. ஆவாரம்பூ பொடி, வெந்தயப் பொடி. அப்புறம் ஒரு வலி மாத்திரை அட்டை, முட்டி வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கி மூணு வருஷமா வாரத்துக்கு நாலஞ்சு போட்டிருக்காங்க. டாக்டர் எதைப் பாத்துப் பதறுவார்னு நினைச்சேனோ அதையெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு அந்த வலி மாத்திரையைத்தான் கையில எடுத்தார். சுகர் இருக்கறவங்களுக்கு அந்த வகை வலி மாத்திரை தொடர்ந்து போட்டா கிட்னி கெடும்னு சொல்லி, பழைய ரிப்போர்ட்டைப் புரட்டினார், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் அளவு கொஞ்சங் கொஞ்சமா ஏறியிருந்துச்சு. "இது சுகரால ஏறுதுன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்"னார். முட்டி வலின்னு அம்மா அவர்ட்ட சொன்னதே இல்ல, சுகர் டாக்டர்ட்ட முட்டியைப் பத்தி எதுக்குன்னு.

அன்னைக்கு 40 நிமிஷம் பேசினாங்க. அவர் கேட்ட கேள்விங்க ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம். காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கிறீங்க, முதல் வாய் சாப்பாடு எத்தனை மணிக்கு, தனியாத்தான் சமைக்கிறீங்களா, ராத்திரி மயங்கினா யாருக்குத் தெரியும், மாசம் மருந்துக்கு எவ்வளவு வரைக்கும் செலவு பண்ண முடியும், எதுக்கு ரொம்பப் பயப்படுறீங்க. கடைசிக் கேள்விக்கு அம்மா, "கால் போயிடுமோன்னு பயம், அதைவிட இவளுக்குப் பாரமாயிடுவேனோன்னு"ன்னாங்க. அப்புறம் அவர் சொன்னார், தனியா இருக்கற ஆளுக்கு 7ன்னு ஒத்தக்கால்ல நின்னது என் தப்பு, உங்களுக்கு 7.5 போதும், தாழாம இருக்கறதுதான் முக்கியம். கிளிமிபிரைடை நிறுத்தினார். அதுக்குப் பதிலா சிட்டாகிளிப்டின், சுகரைத் தாழ விடறது அபூர்வம், முன்னாடி விலை அதிகமா இருந்துச்சு, 2022ல காப்புரிமை முடிஞ்சதும் நிறையக் கம்பெனி போட ஆரம்பிச்சு விலை இறங்கிடுச்சுன்னார். மெட்ஃபார்மினை மெதுவாக் கரையற வகையா மாத்தி, வெறும் வயித்துல போடாதீங்க, சாப்பாட்டோட போடுங்கன்னார். அந்த ஒரு மாத்தத்துல வயித்துக் கலக்கல் முக்கால்வாசி போயிடுச்சு. ரெண்டு வருஷம் வாயைத் திறக்காம அனுபவிச்ச ஒரு கஷ்டம், சொன்னதும் ஒரு வரி எழுதித் தீந்தது. எனக்கு இன்னும் ஆறல அது.

அந்த ரூம் சுவத்துல "நோய்நாடி நோய்முதல் நாடி" குறள் பெயிண்ட்ல எழுதியிருக்கும். எல்லா கிளினிக்லயும் அந்தக் குறள்தான். அன்னைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவோட பழைய பரிமேலழகர் உரையை எடுத்துப் பாத்தேன், அதே மருந்து அதிகாரத்துல கடைசிக் குறள், 950. மருத்துவம்னா நாலு கூறுங்கறார் வள்ளுவர்: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நோயாளியைத்தான் முதல்ல சொல்றார், டாக்டர் ரெண்டாவது, பக்கத்துல இருந்து பாத்துக்கற ஆளையும் ஒரு கூறா எண்ணுறார். பரிமேலழகர் அதுக்கு மேல போய் ஒவ்வொருத்தருக்கும் நாலு தகுதி சொல்றார். நோயாளிக்குச் சொன்னதுல ஒண்ணு மருத்துவன் வழி நிற்றல், அதை நம்ம வீடுகள்ல எல்லாரும் சொல்லிடுவோம். அதுக்கு அடுத்தது நோய்நிலை உணர்த்தல். தன் நோய் எந்த நிலையில இருக்குங்கறதை டாக்டருக்கு விளங்க வைக்கிற திறமை நோயாளியோட வேலைன்னு 13ஆம் நூற்றாண்டுல எழுதி வச்சிருக்கார். நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தது உழைச்செல்வான் பத்தின வரியைத்தான். நோயாளி மேல அன்பு, தூய்மை, சொன்னதை அப்படியே செய்யறது, அறிவு, இந்த நாலும் வேணுங்கறார். நான் டப்பாவும் டம்ளருமா நின்ன அந்த நாலு நாள்ல சொன்னதை அப்படியே செஞ்சேன். அன்பும் இருந்துச்சு. ஏன் வேண்டாங்கறாங்கன்னு ஒரு கேள்வி கேக்கற அறிவு இருக்கல.

டாக்டர் வீட்லயே சுகர் பாக்குற மிஷின் வாங்கச் சொன்னார். தினமும் குத்த வேண்டாம், ஸ்ட்ரிப் செலவு இருக்கு, வாரத்துல மூணு நாள், வேற வேற நேரத்துலன்னு. ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்கன்னார். அம்மா நீளக் கோடு போட்ட ஒரு ரெஜிஸ்டர் வாங்கி, ஸ்கேல் வச்சு கட்டம் போட்டு, தேதி, நேரம், சாப்பிட்டது, சுகர், உடம்பு எப்படி இருந்துச்சுன்னு பால்வாடி ரெஜிஸ்டர் மாதிரியே தயார் பண்ணிட்டாங்க. 28 வருஷம் ஊர்ப் பிள்ளைங்க எடையை எழுதின கை, தன் உடம்பைப் பத்தி ஒரு வரி எழுதச் சொல்லி அதுவரைக்கும் யாரும் கேக்கல.

இந்த மிஷினை நோயாளி கையில குடுக்கறதுக்கே ஒரு காலத்துல பெரிய எதிர்ப்பு இருந்திருக்குன்னு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர், 12 வயசுல இருந்து சுகர் அவருக்கு, இன்சுலின் போடற வகை. 1969ல ரத்தத்துல சுகர் பாக்குற ஒரு கருவி வருது, 3 பவுண்டு எடை, 650 டாலர், டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் விப்பாங்க. அவர் மனைவி டாக்டர், அவங்க பேர்ல வாங்கி, ஒரு நாளைக்கு அஞ்சு தடவை தனக்குத்தானே பாத்து, இன்சுலினையும் சாப்பாட்டையும் அதுக்குத் தக்க மாத்தி உடம்பைத் தேத்திக்கிட்டார். அதை எழுதி மருத்துவப் பத்திரிகைகளுக்கு அனுப்பினா போட மாட்டேன்னுட்டாங்க. டாக்டர் பட்டம் இல்லாம யாரும் காது குடுக்க மாட்டாங்கன்னு 45 வயசுல மெடிக்கல் காலேஜ்ல சேந்து டாக்டரே ஆயிட்டார். 1993ல அமெரிக்காவுலயும் கனடாவுலயும் 1441 பேரை வச்சு நடந்த பெரிய ஆய்வோட முடிவு வந்துச்சு, அதுவும் அதே வகை சுகர்காரங்கதான், வீட்லயே தினம் நாலு தடவை பாத்து டாக்டர் குழுவோட சேந்து இன்சுலினை மாத்திக்கிட்டவங்களுக்குக் கண் பாதிப்பு வர்ற வாய்ப்பு 76 சதவீதம் குறைஞ்சிருக்கு. இத்தனைக்கும் இன்சுலின் வர்றதுக்கு முன்னாடியே, 1918ல, பாஸ்டன்ல எலியட் ஜோஸ்லின்ங்கற டாக்டர் சுகருக்கு ஒரு கையேடு போட்டார், டாக்டரும் நோயாளியும் சேந்து பயன்படுத்தறதுக்குன்னு தலைப்புலயே எழுதி. அந்தத் தலைப்பை மொபைல்ல படிச்சப்போ, எங்கம்மா கட்டம் போட்ட ரெஜிஸ்டர்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

எல்லாம் அதோட சுமுகமாயிடுச்சுன்னு சொல்லல. இருக்கன்குடி விஷயத்துல பெரிய இழுபறி. ஆடி கடைசி வெள்ளிக்கு சாத்தூர்ல இருந்து இருக்கன்குடி மாரியம்மனுக்கு அம்மா வருஷாவருஷம் வெறுங்கால்ல நடந்து போவாங்க, அப்பாவுக்கு உடம்பு முடியாதப்போ வேண்டிக்கிட்டது, அப்பா போன பிறகும் விடல. டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை வச்சு பாதத்துல அங்கங்க தொட்டு, தொட்டது தெரியுதான்னு கேட்டார். மூணு இடத்துல அம்மாவுக்குத் தெரியல. தெரியலங்கறதே அம்மாவுக்கு அன்னைக்குத்தான் தெரியும். ஆடி வெயில்ல தார் ரோடு எப்படிக் கொதிக்கும், அந்த மூணு இடம் வெந்தாலும் உங்களுக்கு உறைக்காது, கொப்புளம் புண்ணாகி, நீங்க எதுக்குப் பயந்தீங்களோ அங்கதான் போய் நிக்கும்னார். அம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. "சாமிக்கு நேந்துக்கிட்டது சார்." அவர் போகாதீங்கன்னு சொல்லல. யோசிச்சு, நடந்தே போங்க டீச்சர், உள்ள மெத்துன்னு இருக்கற செருப்பு போட்டு, விடியறதுக்கு முன்னாடி கிளம்பி, கோயில் வாசல்ல கழட்டுங்க, திரும்பி வந்ததும் பாதத்தைக் கண்ணாடியில பாருங்கன்னார். ஒரு வாரம் அம்மா சம்மதிக்கல. அப்புறம் பூசாரிகிட்ட போய்க் கேட்டிருக்காங்க, அவர் தாராளமாப் போட்டு நடங்கன்னு சொன்னப்புறம்தான் மனசு சமாதானமாச்சு. விரதமும் அப்படித்தான், பட்டினி கிடையாது, பாலும் பழமும் எடுத்துக்கணும், 12 மணிக்கு ஒரு தடவை பாக்கணும், 70க்குக் கீழன்னா அன்னைக்கு விரதம் முடிஞ்சுது, இதுக்கு அம்மா ஒத்துக்கிட்டாங்க. காராச்சேவுக்கு மட்டும் இன்னைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.

ஒரு தடவை ரெஜிஸ்டர்லயே பொய் எழுதிட்டாங்க. கல்யாண வீட்ல பால்பாயசம் சாப்பிட்டு 286 வந்திருக்கு, எழுதறப்போ 186ன்னு போட்டுட்டாங்க. மிஷின்ல பழைய நம்பர் எல்லாம் இருக்கும்னு தெரியாது. டாக்டர் மிஷினையும் நோட்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, "286 வந்ததுக்கு நான் உங்களை என்ன செஞ்சிருவேன்னு நினைச்சீங்க"ன்னு மெதுவா கேட்டார். அம்மா அழுதுட்டாங்க. அவர் அந்த 186ஐ அடிச்சுட்டு, பக்கத்துல 286, பாயசம்னு தன் கையாலயே எழுதினார். அதுக்கப்புறம் அந்த நோட்டுல 300 கூட இருக்கு, பக்கத்துல காரணத்தோட.

அவரும் சில நாள் எரிஞ்சு விழுவார், கூட்டம் அதிகமா இருக்கற அன்னைக்குப் பேச்சு கத்தரிச்ச மாதிரி இருக்கும். அம்மா அதைப் பழகிக்கிட்டாங்க, கேக்க வேண்டியதை மூணு வரியா ஒரு துண்டுச் சீட்டுல எழுதி உள்ள போனதும் நீட்டிடுவாங்க. எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியா ஃபைல்ல கோத்து வச்சிருக்காங்க. கேட்டு வாங்குறது நம்ம உரிமைங்கறதையும் பல பேர் அறியாம இருக்காங்க, நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள மருத்துவப் பதிவைக் குடுக்கணும்னு 2002லயே மருத்துவ கவுன்சில் விதி இருக்கு. எங்க தெருவுல 'மக்களைத் தேடி மருத்துவம்'ங்கற அரசுத் திட்டத்துல பிபி மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கற அக்கா வர்றப்போ, அவங்க கூட உக்காந்து யார் வீட்ல மாத்திரை மீந்து கிடக்குன்னு அம்மா பேசறதைக் கேட்டிருக்கேன். காட்டிக் குடுக்கறதுக்கு இல்ல, ஏன் மீந்துச்சுன்னு கேக்கச் சொல்லித்தான்.

போன மாசம் ஊருக்குப் போனப்போ கூடப் போயிருந்தேன். ஹெச்பிஏ1சி 7.4. டோக்கன் 63, வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தோம். பக்கத்துல ஒரு அக்கா, தீப்பெட்டி ஆபீசுக்குப் போறவங்க, கையில ஒரு மஞ்சப்பை. பேசிக்கிட்டே இருந்தப்போ, ராத்திரி மாத்திரை போட்டா விடியக்காலம் ஒரு மாதிரி வேர்த்து ஊத்துது மதினி, அதனால நான் அதைப் போடறதில்ல, உள்ள கேட்டா போடுறேன்னு சொல்லிருவேன்னாங்க. அம்மா அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. வேர்க்குதுங்கறதை அப்படியே சொல்லணும், எத்தனை மணிக்குங்கறதையும் சொல்லணும், அவர் திட்டமாட்டாருன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தாங்க. அந்த அக்காவுக்கு நம்பிக்கை வரல, எந்திரிச்சுப் போயிடுவாங்க போல இருந்துச்சு. அவங்க டோக்கன் 62. பேர் கூப்பிட்டதும் அம்மாவும் கூடவே எந்திரிச்சு, எங்கிட்ட ரெஜிஸ்டரைக் குடுத்துட்டு, "நான் இவளோட உள்ள போயிட்டு வாரேன், நீ நம்ம நம்பரைப் பாத்துக்க"ன்னுட்டு கதவைத் தள்ளிக்கிட்டுப் போனாங்க.